கார்டு எடுக்கவில்லை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அந்தச் சாலையை ஒட்டியும், அங்கிருந்து வடக்கே கோவளம், தெற்கே புதுப்பட்டினம் வரை கடற்கரையை ஒட்டியும் பள்ளிகள் இருக்கின்றன, பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்து கம்ப்யூட்டர் சென்டராக மாறிய மாடி அறைகள் இருக்கின்றன. டிஸ்க் இல்லாத சிஸ்டங்கள் இந்த அறைகளுக்கு இரண்டு முறை வந்து இரண்டு முறை போய்விட்டன. இப்போது மூன்றாம் முறையாக வந்துகொண்டிருக்கின்றன. கோயிலுக்கும் கோட்டைக்கும் வரலாறு எழுதிக் குவிக்கிற பகுதி இது. இந்த அறைகளுக்கும் வரலாறு உண்டு. அங்கே கேபிள் இழுத்தவர்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

நான் 90களின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தவள். பிறகு சர்வீஸ் வேலைக்கு வந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்ட புகார், "கார்டு எடுக்கல" என்பதுதான். சிஸ்டத்தை ஆன் செய்கிறோம். உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடையாது. நெட்வொர்க் கார்டு வழியாகச் சர்வரைக் கூப்பிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தை அங்கிருந்து இறக்கிக்கொண்டு அது எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்காமல் கறுப்புத் திரையோடு நிற்கும். உடனே பழி கார்டு மேல் விழும். உண்மையில் அந்த ஒரு புகாருக்குப் பின்னால் குறைந்தது நான்கைந்து வேறு வேறு கோளாறுகள் இருந்தன. எந்தக் காலத்தில் எந்தக் கோளாறு அதிகம் வந்தது என்று அடுக்கிப் பார்த்தால், இந்தத் தொழில் நடந்து வந்த பாதை தெரிகிறது.

முதல் வருகை நாவெல் கம்பெனியின் நெட்வேர் என்ற நெட்வொர்க் மென்பொருள் காலத்தில். அப்போது ஹார்ட் டிஸ்க் விலை அதிகம். ஒரு சர்வரில் மட்டும் டிஸ்க் போட்டு, மற்றதையெல்லாம் வெறும் ‘நோட்’ ஆக வைப்பார்கள். பிள்ளைகள் அதில் வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் கோபாலும் படித்தார்கள். நோட்களை ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு கறுப்பு கோஆக்ஸியல் கேபிள் சுவரோரம் ஓடும். ஒவ்வொரு சிஸ்டத்தின் முதுகிலும் ஒரு டி-கனெக்டர், வரிசையின் இரண்டு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர். அறையைப் பெருக்குகிறவர் துடைப்பத்தால் ஒரு டெர்மினேட்டரைத் தட்டிவிட்டால் போதும், வரிசை மொத்தமும் படுத்துவிடும். எல்லா நோட்டிலும் ஒரே சமயத்தில் கார்டு கெட்டுப்போகுமா என்று யோசிக்கிறவர் நேராக முனைக்குப் போவார். யோசிக்காதவர் எல்லாப் பெட்டியையும் திறந்து போடுவார்.

கார்டுகள் என்.இ.2000 வகை. நாவெல் கொண்டுவந்த வடிவத்தைத் தைவான் கம்பெனிகள் அப்படியே செய்து உலகமெங்கும் விற்றன. கார்டில் பூட் ரோம் செருக ஒரு காலி சாக்கெட் இருக்கும். அதில் சிப்பைச் செருகி, ஜம்பரைச் சரியாகப் போட்டால்தான் சிஸ்டம் ஆன் ஆனதும் அந்த ரோம் பேச ஆரம்பிக்கும். இதில் பெரிய சிரமம், ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டுக்குத் தன்னில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லத் தெரியாது. கார்டு எந்த முகவரியில் இருக்கிறது, எந்த ஐ.ஆர்.க்யூ.வில் கூப்பிடும் என்பதை நாம்தான் ஜம்பரில் வைத்து, அதையே மென்பொருளுக்கும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் முகவரி 300, ஐ.ஆர்.க்யூ. 3. அதே 3-ஐ இரண்டாவது சீரியல் போர்ட்டும் கேட்கும். இரண்டும் மோதினால் ரோம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டு லாகின் நேரத்தில் நின்றுபோகும். அந்தக் காலத்தில் கண்டுபிடிப்பது என்று ஒன்று இல்லவே இல்லை. கார்டு எங்கே இருக்கிறது என்பது மனிதர்களுக்குத்தான் தெரியும், அதுவும் பெட்டியின் மேல் பேனாவால் எழுதி வைத்திருந்தால்.

டிஸ்க் இல்லாத சிஸ்டம் என்ற யோசனை நாவெலோடு பிறந்ததில்லை. ரயில்வே முன்பதிவு கவுண்டரில் நாம் பார்த்த டெர்மினலும் இதே குடும்பம்தான்: மேசையில் கீபோர்டும் திரையும், கணக்கு மொத்தமும் தூரத்திலிருக்கும் பெரிய மெஷினில். ஆனால் டெர்மினலுக்கு எழுந்திருக்கிற கஷ்டம் கிடையாது, அதற்குள் ஒன்றும் ஏற வேண்டியதில்லை. கம்ப்யூட்டராகவே இருந்துகொண்டு டிஸ்க் இல்லாமல் எழுவதுதான் கடினமான காரியம். 80களில் அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விற்ற டிஸ்க் இல்லாத வொர்க் ஸ்டேஷன்களுக்கு அது தேவைப்பட்டது. எழும்போது சிஸ்டத்துக்குத் தன் பெயர் தெரியாது, முகவரி தெரியாது, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கார்டில் பொறித்திருக்கும் வன்பொருள் எண் ஒன்றுதான். அந்த எண்ணை வைத்து, ‘நான் யார், எனக்கு என்ன கோப்பு வேண்டும்’ என்று வலையில் உள்ள எல்லோரையும் பார்த்துக் கூவிக் கேட்கும் முறையை ஸ்டான்ஃபோர்டில் இருந்த பில் கிராஃப்ட், சன் கம்பெனியில் இருந்த ஜான் கில்மோர் இருவரும் 1985 செப்டம்பரில் எழுதி வெளியிட்டார்கள். பூட்பி என்று பெயர். கோப்பை இறக்கும் டி.எஃப்.டி.பி. அதற்கும் முந்தியது, 1981-லேயே எழுத்தில் வந்துவிட்டது. வேண்டுமென்றே சின்னதாகச் செய்யப்பட்டது அது. பாஸ்வேர்ட் கிடையாது, பட்டியல் பார்க்க முடியாது. ஒரு சின்ன ரோம் சிப்புக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த முறை. இன்று புதுப்பட்டினத்தில் ஒரு பெட்டி வலை வழியாக எழுந்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டின் வாரிசுகள்தான் உள்ளே வேலை பார்க்கின்றன.

90களின் பிற்பாதியில் ஹார்ட் டிஸ்க் மலிந்தது, விண்டோஸ் 95 வந்தது. சென்டர்கள் நோட்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டன. முதல் வருகை முடிந்தது. அதைப் பற்றி எழுத இதற்கு மேல் அதிகம் இல்லை.

இரண்டாம் வருகைதான் எனக்குப் பிடித்தமானது, நான் சொல்ல நினைப்பதும் பெரும்பாலும் அதைப் பற்றியே. 1999-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவமனைகளுக்குச் சாமான் விற்கும் ஒரு நிறுவனத்தில் பழைய டெர்மினல்களை மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்த ஜிம் மெக்குயிலன், டிஸ்க் இல்லாத பெட்டிகளை லினக்ஸ் சர்வரிலிருந்து எழுப்பி, தான் செய்ததை எல்லோருக்கும் திறந்து கொடுத்தார். எல்.டி.எஸ்.பி. என்ற லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் அப்படித்தான் தொடங்கியது. 32 எம்.பி. ராம் உள்ள பழைய பென்டியம் போதும். ஓபன் ஆபீஸும் பிரவுசரும் சர்வரில் ஓடும், படம் மட்டும் இங்கே தெரியும். பி.சி.க்வெஸ்ட் போன்ற பத்திரிகைகளோடு வந்த லினக்ஸ் சிடிக்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, ஊரில் ஒதுக்கிக் கிடந்த பெட்டிகளெல்லாம் மறுபடி வேலைக்கு ஆகும் என்று தெரிந்ததும் வந்த உற்சாகத்தை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது.

பெட்டி இருக்கிறது, எழுப்ப ரோம் வேண்டும். இங்கே ஈதர்பூட் கைகொடுத்தது. மார்கஸ் குட்ஷ்கே, ஆஸ்திரேலியாவின் கென் யாப் முதலியவர்கள் வளர்த்த இலவச பூட் ரோம் மென்பொருள் அது. மார்ட்டி கானர் நடத்திய ரோம்-ஓ-மேட்டிக் தளத்தில் உங்கள் கார்டைத் தேர்ந்தெடுத்தால் அதற்கான ரோம் படிமத்தை அந்த நிமிடமே உருவாக்கிக் கொடுக்கும். அதைச் சென்னை ரிச்சி தெருவில் ஈப்ரோம் சிப்பில் எழுதி வாங்கி வருவோம். சிப்பின் முதுகில் கண்ணாடி ஜன்னல் இருக்கும். வெளிச்சம் பட்டு அழியாமலிருக்க அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, எந்தக் கார்டுக்கு என்று எழுதி வைப்போம். சிப்புக்குக் காசில்லாத இடங்களில் அதே படிமத்தை ஃபிளாப்பியில் எழுதிச் செருகுவது. கடற்கரைப் பக்கம் ஃபிளாப்பியை நம்ப முடியாது. மழைக்காலம் ஒன்று கழிந்தால் தட்டில் பூஞ்சை பூத்துவிடும். ஃபிளாப்பி படிக்காமல் போனாலும் லேப் ரிஜிஸ்டரில் எழுதப்படுவது ‘நெட்வொர்க் கார்டு பழுது’ என்றுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு உதவிகள் பல வந்தன. கூடவே நன்கொடையாகப் பழைய சிஸ்டங்களும் வந்தன. நல்ல மனதோடு அனுப்பியவை. ஆனால் ஒரே அறையில் இருக்கும் பெட்டிகளில் ஒன்றில் 3காம் கார்டு, ஒன்றில் இன்டெல், ஒன்றில் வி.ஐ.ஏ., ஒன்றில் போர்டோடு சேர்ந்த எஸ்.ஐ.எஸ். மீதியெல்லாம் ரியல்டெக் 8139. இப்படிப்பட்ட லேப்பில்தான் கார்டைக் கண்டறிவது என்றால் என்ன என்பது புரிந்தது. ஒரே கார்டு ஒரு முறை பூட் ஆவதற்குள் மூன்று பேரிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். முதலில் மதர்போர்டின் பயாஸ், அடுத்தது பூட் ரோம், கடைசியில் சர்வரிலிருந்து இறங்கி வந்த லினக்ஸ் கெர்னல். இவர்கள் மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. ரோம் அழகாகக் கார்டைப் பிடித்து, முகவரி வாங்கி, கெர்னலை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். கெர்னல் கண் விழித்ததும், இங்கே நெட்வொர்க் கார்டே இல்லையே என்று நிற்கும். தான் எந்தக் கார்டு வழியாக வந்ததோ அதே கார்டைத் தனக்குத் தெரியாது என்கிறது. புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கு இதை நம்பவைப்பதுதான் கஷ்டம். "கார்டு நல்லாருக்கே அக்கா, இப்பதான அதுல லோடு ஆச்சு?" என்பார்கள். ஆமாம், நன்றாகத்தான் இருக்கிறது. கெர்னலோடு வந்த சின்ன மூட்டையில் அந்தக் கார்டுக்கான டிரைவர் இல்லை, அவ்வளவுதான்.

பி.சி.ஐ. ஸ்லாட்டை இன்டெல் 1992-இல் கொண்டுவந்தபோது அதில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். ஸ்லாட்டில் உட்கார்ந்த கார்டு, கேட்டால் தன் எண்ணைச் சொல்லும். செய்த கம்பெனிக்கு நான்கு எழுத்து, சிப்புக்கு நான்கு எழுத்து. ரியல்டெக் 8139 என்றால் 10இசி, 8139. எல்.டி.எஸ்.பி.யின் பழைய பதிப்புகள் எழும்போது இந்த எண்ணைப் படித்து, கூடவே வைத்திருக்கும் ஒரு பட்டியலில் தேடி, எதிரே எழுதியிருக்கும் டிரைவரை ஏற்றும். வெறும் எழுத்துக்கோப்பு அது, யார் வேண்டுமானாலும் திறந்து ஒரு வரி சேர்க்கலாம். ஐ.எஸ்.ஏ. கார்டுகளுக்கு அந்த வழி இல்லாததால் பெட்டிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. சர்வரின் கோப்பில் 129-ஆம் விருப்பமாக, ‘என்.இ. டிரைவர், முகவரி 300’ என்று கையால் எழுத வேண்டும். அதை எழுதினாலும் 128-இல் இ4 45 74 68 00 00 என்ற அடையாளம் இல்லாவிட்டால் ஈதர்பூட் அதைச் சட்டை செய்யாது. இந்த வரியைத் தட்டச்சு செய்து தட்டச்சு செய்து இன்னும் எனக்கு மனப்பாடம்.

கோளாறு பார்க்கும் வரிசையை ஒரு சின்ன உரையாடலில் சொல்லிவிடலாம். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஜன்னல்கள் உள்ள ஒரு லேப்.

"அக்கா, நாலு சிஸ்டத்துல கார்டு எடுக்கல."

"ஆன் பண்ணதும் கட்டம் போட்டு ஒரு லிஸ்ட் வருமே, அதுல நெட்வொர்க் கன்ட்ரோலர்னு இருக்கா?"

"அது ஓடிப்போயிடுதுக்கா, படிக்க முடியல."

"பாஸ் கீயை அமுக்கு, நிக்கும்."

அந்தக் காலத்து அவார்ட் பயாஸ் எழுந்து முடிக்கிற நொடியில், பி.சி.ஐ. ஸ்லாட்டுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் காட்டும். ஒரு நொடிதான். பாஸ் கீயை அழுத்தினால் திரை அப்படியே நிற்கும். அதில் கார்டு இல்லையென்றால் ரோமையும் டிரைவரையும் பற்றிப் பேசவே வேண்டாம், கையைப் பெட்டிக்குள் விட வேண்டியதுதான். அந்த நான்கிலும் கார்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஸ்லாட்டுக்குள் இறங்கும் பொன்னிறப் பட்டைகள் பழுப்பேறிக் கறுத்திருந்தன. ஜன்னல் பக்கத்து வரிசைதான் நான்கும். அழிரப்பரை எடுத்துப் பட்டைகளின் மேல் ஒரே திசையில், மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் பட்டையே உரிந்துவரும். ரப்பர் துகளை ஊதக்கூடாது, வாயின் ஈரம் படும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் (ஐ.பி.ஏ.) நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்து, காய்ந்ததும் செருகினால் பட்டியலில் கார்டு வந்து உட்காரும். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்த வைத்தியத்தைத் தமிழ்நாட்டு சர்வீஸ்காரர்கள் எல்லோரும் செய்வார்கள். உப்புக்காற்று அடிக்கிற எங்கள் கரையில் அது மாதாந்தர வேலை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கத்து லேப்களில் அதே கார்டு பல வருஷம் தொடாமலே ஓடும்.

பட்டியலில் கார்டு வந்தும் சிஸ்டம் எழவில்லையென்றால் அடுத்த சந்தேகம் பேட்டரி. மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ 2032 பேட்டரிதான். ஏப்ரல், மே விடுமுறையில் லேப் பூட்டிக் கிடக்கும், மெயின் சுவிட்சும் அணைந்திருக்கும். பழைய பேட்டரி அந்த இரண்டு மாதத்தில் உயிரை விட்டுவிடும். ஜூனில் திறந்து ஆன் செய்தால் பயாஸ் தன் ஆதி நிலைக்குப் போயிருக்கும். நெட்வொர்க்கிலிருந்து எழு என்று நாம் வைத்த அமைப்பு அழிந்து, இல்லாத ஹார்ட் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருக்கும். பள்ளி திறக்கிற வாரத்தில் தலைமையாசிரியர்கள் போன் செய்து, "என்னம்மா, லீவுக்கு முன்னாடி நல்லாத்தானே ஓடிச்சு, மொத்தமா கார்டு போயிடுச்சா?" என்று கேட்பார்கள். பேட்டரி ஒரு டஜன் வாங்கி வையுங்கள் சார், வருகிறேன் என்பேன். ஒவ்வொரு ஜூனிலும் இதேதான் நடந்தது. கார்டின் மேல் சொன்ன பழிகளில் இதுதான் மிக அநியாயமானது.

மூன்றாவது படி, டிரைவர். இங்கேயும் ரியல்டெக் 8139 ஒரு தனிக் கதை. மிக மலிவு, அதனால் எங்கும் அதுதான். ஃப்ரீ பி.எஸ்.டி.க்கு அதன் டிரைவரை எழுதிய பில் பால், அந்தச் சிப்பின் வடிவமைப்பைப் பற்றி டிரைவர் கோப்புக்குள்ளேயே கோபமாக எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அந்தச் சிப் மேல் கோபமில்லை. ரிச்சி தெருவில் எங்கள் பள்ளிகள் வாங்கக்கூடிய விலையில் கிடைத்த கார்டு அது. சிக்கல் என்னவென்றால், பழைய 8139-க்கும் பின்னால் வந்த சி-பிளஸ் என்ற ரகத்துக்கும் கம்பெனி எண்ணும் சிப் எண்ணும் ஒன்றே. வேறுபாடு ரிவிஷன் எண்ணில் மட்டும். லினக்ஸில் இரண்டுக்கும் இரண்டு தனி டிரைவர். எண்ணை மட்டும் பார்த்துத் தேடுகிற பட்டியல் தவறான டிரைவரை ஏற்றும். அந்த டிரைவர், இது என் கார்டு இல்லை, மற்றதைக் கூப்பிடு என்று திரையில் எழுதிவிட்டு விலகிவிடும். அதைப் படித்தவர் மற்றதை ஏற்றுவார். படிக்காதவர் ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறுவார். இன்னொரு பெயர்பெற்ற கம்பெனியின் கார்டு, அட்டைப் பெட்டியில் அதே மாடல் எண்ணோடு கடைசியில் ஒரு பிளஸ் குறி மட்டும் சேர்ந்து வந்தது. உள்ளே இருந்த சிப் முற்றிலும் வேறு. பத்து வாங்கிய இடத்தில் ஐந்து எழும், ஐந்து எழாது.

இந்த மூன்று படியிலும் ஒரு குறையும் இல்லாமல், கார்டு பச்சை விளக்கு எரிய நிற்கிற கோளாறு ஒன்று உண்டு. அது சுவிட்சில் இருக்கும். பழைய ஹப்பை எடுத்துவிட்டு, அமைத்து ஆளக்கூடிய நல்ல சுவிட்ச் ஒன்றை ஒரு நிறுவனம் பெருமையாக வாங்கிப் போட்டது. அன்றிலிருந்து ஒரு பெட்டியும் எழவில்லை. பழைய ஹப்பைத் திரும்ப வைத்தால் எல்லாம் எழுகிறது. அந்தச் சுவிட்ச், கேபிள் வட்டமாகச் சுற்றிவிட்டதா என்று பார்ப்பதற்காக, புதிதாக உயிர் பெற்ற போர்ட்டில் 15 நொடி கவனித்து, இன்னொரு 15 நொடி கற்றுக்கொண்டு, அதன் பிறகுதான் தகவலை விடும். அந்த அரை நிமிடத்துக்குள் பூட் ரோம் கூவிக் கூவிப் பார்த்து, யாரும் பதில் சொல்லவில்லை என்று ஓய்ந்துவிடும். திரையில் பி.எக்ஸ்.இ.-இ51 என்று வரும், டி.எச்.சி.பி. பதில் கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளே இல்லையென்றால் இ61, கோப்பை இறக்க முடியாவிட்டால் இ32. இன்டெல் 1999-இல் வலை வழியாக எழுவதற்கான பி.எக்ஸ்.இ. முறையை 2.1 பதிப்பாக வெளியிட்ட பிறகு வந்த கார்டுகள் இப்படி எண் போட்டுச் சொல்ல ஆரம்பித்தன. அது பெரிய வரம். போனிலேயே எண்ணைக் கேட்டு எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். ஈதர்பூட் காலத்தில் புள்ளி புள்ளியாக ஓடும் ஒரு வரியைத்தான் நம்பியிருந்தோம்.

2005 முதல் 2012 வரை இந்தத் தொழிலுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல காலம். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தில், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய ஆதார மையம் 2005-இல் அமைந்தது. சி-டாக் சென்னைப் பிரிவு டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை 2007-இல் வெளியிட்டது. தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் லினக்ஸுக்கு மாற்ற முனைந்து நின்றார். சென்னையில் ராஜேஷ் ஜெயின், ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோர் தொடங்கிய நோவாட்டியம், வீட்டுக்கு ஒரு சின்ன நெட்பிசி பெட்டி, கணக்கு மொத்தமும் தொலைவில் உள்ள சர்வரில் என்ற திட்டத்தோடு வந்தது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இதையெல்லாம் விவாதிப்பார்கள். சந்தேகம் கேட்டால் நேரம் காலம் பார்க்காமல் பதில் சொல்வார்கள்.

அதோடு மின்வெட்டு. 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால், மாவட்டங்களில் அது நாளின் பாதியை விழுங்கியது. லேப் பீரியடும் கரண்டும் ஒன்றாக வாய்ப்பதே அபூர்வம். சாதாரண சிஸ்டங்கள் நிறைந்த லேப்பில் யூ.பி.எஸ். சில நிமிடம்தான் தாங்கும். சர்வரை நம்பி ஓடும் தின் கிளையன்ட் பெட்டி ஒன்று எடுப்பது 10, 15 வாட். எல்.சி.டி. திரையோடு சேர்த்தாலும் அதே பேட்டரியில் ஒரு பீரியடை ஓட்டிவிடலாம். டிஸ்க் இல்லாத லேப்பின் பெருமையை எந்தச் சொற்பொழிவையும்விட அந்த மின்வெட்டு நன்றாக எடுத்துச் சொன்னது. கரண்ட் போனதும் பிள்ளைகள் கூச்சலிட்டு எழுந்து ஓடாமல், டக்ஸ் பெயின்ட்டில் தொடர்ந்து படம் போட்டுக்கொண்டிருந்த லேப்களை நான் பார்த்திருக்கிறேன்.

அது ஏன் நீடிக்கவில்லை? 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கையில் சொந்தமாக ஒரு கணினி என்பது ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் லேப் மேல் இருந்த கவனம் அத்தோடு போய்விட்டது. இன்னொரு காரணம் தொழில்நுட்பத்துக்குள் இருந்தது. போர்டோடு வந்த கிகாபிட் சிப்கள் ஆறு மாதத்துக்கு ஒரு ரிவிஷன் மாறின. சிலவற்றுக்கு டிரைவர் மட்டும் போதாது, ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும். 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6, உரிமம் கட்டற்றதாக இல்லாத ஃபர்ம்வேர்களைக் கெர்னலிலிருந்து பிரித்துத் தனியே வைத்தது. கொள்கையில் அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் வலை வழியாக எழும் பெட்டிக்கு, ஃபர்ம்வேரை எடுத்துவர வலை வேண்டும், வலை வர ஃபர்ம்வேர் வேண்டும். முன்கூட்டியே அதைக் கெர்னலோடு வரும் இனிட்ரேம்எஃப்எஸ் மூட்டைக்குள் கட்டிவைக்கத் தெரிந்த ஒரு ஆள் ஒவ்வொரு பள்ளிக்கும் தேவைப்பட்டார். பெட்டி வாங்கப் பணம் ஒதுக்கினார்கள். அந்த ஆளுக்கு ஒதுக்கவில்லை. இரண்டாம் வருகை முடிந்ததற்கு நான் காரணம் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

உலகத்தில் வேலை நிற்கவில்லை. ஈதர்பூட்டின் வழியில் ஜி.பி.எக்ஸ்.இ.யும், 2010-இல் மைக்கேல் பிரவுன் நடத்தும் ஐ.பி.எக்ஸ்.இ.யும் வந்தன. கிரீஸ் நாட்டுப் பள்ளிகளுக்காக உழைக்கும் அல்கிஸ் ஜியார்ஜோபூலோஸ் 2019-இல் எல்.டி.எஸ்.பி.யை அடியோடு திருப்பி எழுதினார். இங்கே தமிழக அரசு 6,029 பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைத்தது. அவற்றில் நான் போய்ப் பார்த்தவற்றில் ஒரு சர்வரும் சின்னப் பெட்டிகளும் இருந்தன. மூன்றாம் வருகை என்று நான் முதலில் சொன்னது இதைத்தான். கோளாறுகள் இப்போது பயாஸின் இடத்துக்கு வந்த யு.இ.எஃப்.ஐ.க்குள் குடியேறியிருக்கின்றன. பல போர்டுகளில் ‘நெட்வொர்க் ஸ்டாக்’ என்ற ஒரு விருப்பம் அணைத்தே வருகிறது. அதை ஆன் செய்யாதவரை பூட் பட்டியலில் நெட்வொர்க் கார்டே தென்படாது. செக்யூர் பூட் ஆன் ஆக இருந்தால், கையொப்பமில்லாத பூட் கோப்பை இறக்கிக்கொண்ட பிறகு இயக்க மறுத்துவிடும். இவ்விரண்டும் சரியான பிறகும் கெர்னலுக்குச் சிப் தெரியாமல் போகும் பழைய கோளாறு அப்படியே இருக்கிறது. 2.5 கிகாபிட் ரியல்டெக் சிப்கள் வந்த புதிதில் பழைய கெர்னல் வைத்திருந்த லேப்கள் பட்டது அதுதான்.

அதனால் கேட்கிறவர்களிடமெல்லாம் ஒன்றை வற்புறுத்துகிறேன். சிஸ்டம் வாங்கும் டெண்டரில் ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், கீபோர்டில் எத்தனை பட்டன் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நெட்வொர்க் என்று வரும்போது ‘கிகாபிட் ஈதர்நெட்’ என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் சிப்பின் எட்டு எழுத்து எண்ணையும் ரிவிஷனையும் எழுதுங்கள். மாறினால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கல்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியின் கொள்முதல் தாளில் போன முறை அதை எழுத வைத்தோம். சப்ளைக்கு வந்தவர் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லையே என்றார். லாரியிலிருந்து முதலில் ஒரு பெட்டியை மட்டும் இறக்கி, சர்வரோடு கேபிள் போட்டு எழுப்பி, எண் ஒத்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் தலைமையாசிரியர் சலானில் கையெழுத்துப் போட்டார்.